அக்காவுக்கு மூக்கொழுகல், தம்பிக்கு ஆக்சிஜன்: ஒரே வைரஸ் எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். நான்கு வயது மகளுக்குப் பள்ளியிலிருந்து சளி பிடித்தது. மூக்கொழுகல், லேசான காய்ச்சல், மூன்றே நாளில் பழையபடி ஓடி ஆட ஆரம்பித்துவிட்டாள். ஐந்தாம் நாள் அவளுடைய இரண்டரை மாதத் தம்பிக்குச் சளி. அடுத்த இரண்டு நாளில் மூச்சிரைப்பு, பால் குடிக்க முடியவில்லை, ஆஸ்பத்திரியில் நான்கு நாள் ஆக்சிஜன். மூக்குச் சளியைப் பரிசோதித்துவிட்டு 'ஆர்எஸ்வி' (ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ், மூச்சுப்பாதையைத் தாக்கும் ஒரு வைரஸ்) என்றார்கள். ஒரே வைரஸ் அக்காவுக்கு விளையாட்டாகவும் தம்பிக்கு வினையாகவும் ஆனது எப்படி, ஆன்டிபயாடிக் ஏன் தரவில்லை, இதற்குத் தடுப்பூசி கிடையாதா, பின்னால் ஆஸ்துமா வருமா, மகளைத் தம்பி பக்கம் இனி விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மழைக்காலத்தை ஒட்டி எங்கள் கட்டில்களில் பாதி, உங்கள் வீட்டுக் கதையின் நகல்கள்தான். பெரியவளுக்கு வந்ததும் சின்னவனுக்கு வந்ததும் ஒரே வைரஸ். வித்தியாசம் வைரஸில் இல்லை, அது போய் உட்கார்ந்த குழாயில் இருக்கிறது.

டாக்டர்கள் 'வைரல்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருநூறுக்கு மேற்பட்ட வைரஸ்கள் நிற்கின்றன. ரைனோவைரஸில் மட்டும் நூற்று அறுபதுக்கு மேல் வகைகள் உண்டு. சாதாரண ஜலதோஷத்தில் பெரும்பங்கு அதன் வேலை. இன்ஃப்ளூயன்சா உங்களுக்குத் தெரியும். பாராஇன்ஃப்ளூயன்சா வந்தால் குழந்தை நாய் குரைப்பதுபோல இருமும். அடினோவைரஸ் சில சமயம் கண்ணையும் சேர்த்துச் சிவக்க வைக்கும். கொரோனா குடும்பத்தில் கோவிட் வருவதற்கு முன்பே சளி மட்டும் உண்டாக்கிக்கொண்டு நான்கு பேர் நம்மோடு இருந்தார்கள். 2025 ஜனவரியில் எச்எம்பிவி என்று தொலைக்காட்சிகள் அலறியது ஞாபகம் இருக்கும். அதுவும் புதிது இல்லை. 2001-இல் நெதர்லாந்தில் கண்டுபிடித்துப் பெயர் வைத்த பழைய ஆள், நம் ஆர்எஸ்வியின் நெருங்கிய சொந்தம். இத்தனை பேரில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில் ஆர்எஸ்விக்குத்தான் முதலிடம்.

சரி, குழாய்க்கு வருகிறேன். மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து போய், கடைசியில் மிக மெல்லிய நுண்குழாய்களாக முடிகிறது. ஆர்எஸ்வி மூக்கில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் அங்கே இறங்கும். குழாயின் உட்புறம் வரிசையாக நிற்கும் செல்களைப் பிடித்து, பக்கத்து செல்லோடு ஒட்டவைத்து, பல செல்களை ஒரே பெரிய உருண்டையாக்கிவிடும். வைரஸின் பெயரில் உள்ள 'சின்சிஷியல்' என்ற சொல் குறிப்பது இந்த ஒட்டுதலைத்தான். அப்படிச் செத்த செல்கள் உதிர்ந்து, சளியோடு கலந்து, நுண்குழாயில் அடைப்பாக உட்காரும். சுவரும் வீங்கும். இதைத்தான் உங்கள் டாக்டர் 'பிராங்கியோலைடிஸ்' என்றிருப்பார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு குழாயின் ஆரம் பாதியானால் காற்றுக்கான தடை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கும் ஆகாது, பதினாறு மடங்காகும். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயில் சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சம் 6 மில்லிமீட்டர், தடை சுமார் மூன்று மடங்கு. அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் 4 மில்லிமீட்டர் குழாயில் வந்தால் மிச்சம் 2 மில்லிமீட்டர், தடை பதினாறு மடங்கு. நுரையீரலின் கடைக்கோடிக் குழாய்கள் இதைவிடவும் சிறியவை. புரிவதற்காகப் பெரிய எண்களை எடுத்தேன். உங்கள் மகளுக்கு ஒரு செருமலில் போய்விடுகிற சளி, மகனின் குழாயை முழுசாக அடைத்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். இந்த வயதில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகின்றன. மூக்கு அடைத்தால் பால் குடித்துக்கொண்டே மூச்சுவிட முடியாது. அதனால்தான் மூச்சிரைப்பு கண்ணில் படும் முன்பே பல அம்மாக்கள் 'இன்னிக்குச் சரியாவே குடிக்கலை டாக்டர்' என்று வருகிறார்கள். அந்த வாக்கியத்தை நான் எந்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும்விட மேலாக மதிப்பேன். அடுத்தது, குழந்தையின் விலா எலும்புகள் இன்னும் மெத்தென்று இருப்பவை. உள்ளே காற்றை இழுக்கப் பாடுபடும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பக்கம் குழிவிழுந்து உள்ளே போகும்.

மகள் தப்பித்ததற்கு இன்னொரு காரணம், அவளுக்கு இது முதல் தடவையாக இருந்திருக்காது. இரண்டு வயது முடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஆர்எஸ்வி ஒருமுறையாவது வந்து போய்விடுகிறது. அம்மை மாதிரி ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் வராது என்ற கதை இதற்கு இல்லை. திரும்பத் திரும்ப வரும், ஆனால் வரவர லேசாக வரும். உங்களுக்கும் எனக்கும் வந்திருக்கும், 'கிளைமேட் மாறிடுச்சு' என்று சொல்லிக் கடந்திருப்போம். வயது மிக ஏறினால் மறுபடி ஆபத்து. இதயநோய், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள தாத்தா பாட்டிகளை இந்த வைரஸ் நிமோனியாவில் கொண்டுபோய்த் தள்ளும்.

கைக்குழந்தைக்குக் கையிருப்பு அம்மாவின் ரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்புப்பொருள் மட்டும்தான். அது தொப்புள்கொடி வழியாக அதிகம் வருவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். குறைப்பிரசவக் குழந்தைக்கு அந்தக் கையிருப்பும் கம்மி. நிறைமாதக் குழந்தைக்கும் அது மாதாமாதம் கரையும். உங்கள் பையன் போல முதல் மூன்று மாதங்களில் இருப்பவர்கள்தான் வார்டில் அதிகம்.

எப்படி வீட்டுக்குள் வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. கென்யாவின் கிலிஃபி பகுதியில் வீடு வீடாகப் போய் மூக்குச் சளி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டுக்குள் ஆர்எஸ்வியைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் அண்ணன் அக்காக்கள். எனக்குப் பிடித்த பரிசோதனை இதைவிடப் பழையது. 1981-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கரோலின் ஹால் என்ற குழந்தை மருத்துவர், ஆர்எஸ்வி வந்த குழந்தைகள் இருந்த அறைக்குள் தொண்டர்களை மூன்று விதமாக அனுப்பினார். ஒரு குழு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியது. இன்னொரு குழு, குழந்தை அறையில் இல்லாதபோது போய் அது தொட்ட சாமான்களைத் தொட்டுவிட்டுத் தங்கள் கண்ணையும் மூக்கையும் தொட்டது. மூன்றாவது குழு குழந்தையிடமிருந்து ஆறடி தள்ளிச் சும்மா உட்கார்ந்திருந்தது. கொஞ்சியவர்கள் ஏழு பேரில் ஐந்து பேருக்குத் தொற்று. சாமான் தொட்டவர்கள் பத்துப் பேரில் நான்கு பேருக்கு. தள்ளி உட்கார்ந்திருந்த பதினான்கு பேரில் ஒருவருக்கும் இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் கோவிட்டுக்குச் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே ஆர்எஸ்விக்குப் போடக் கூடாது என்பது இதில் தெரியும். இது பெரும்பாலும் கை வழியாகவும், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதாலும் பரவுகிற வைரஸ். மேசை, கட்டில் கம்பி மாதிரியான இடங்களில் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். சோப்புக்குத் தாங்காது, அதன் மேலுறை கொழுப்பு.

இனி ஆன்டிபயாடிக். தராதது சரி. அது பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. பிராங்கியோலைடிஸில் கூடவே பாக்டீரியா நிமோனியா சேர்வது அபூர்வம். அதைவிட உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கக்கூடியது, நெபுலைசரில் சால்பியூட்டமால் வைப்பதும் ஸ்டீராய்டு கொடுப்பதும்கூட இதில் பெரிய பலன் தருவதில்லை. ஆஸ்துமாவில் குழாயின் தசை இறுகுகிறது, மருந்து அதைத் தளர்த்தும். இங்கே குழாயை அடைத்திருப்பது செத்த செல்லும் சளியும். அதைத் தளர்த்த மருந்து இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014 வழிகாட்டுதலில் இரண்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ஆனாலும் நம் ஊரில் நெபுலைசர் வைக்காத டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்பார்கள். மூக்கைச் சுத்தம் செய்வது, பாலோ குழாய் வழி உணவோ சலைனோ கொடுத்து வறண்டுபோகாமல் பார்ப்பது, தேவைப்பட்டால் ஆக்சிஜன், அப்புறம் காத்திருப்பது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உச்சம், பிறகு இறங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும்; அதற்காகப் பயப்பட வேண்டாம்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஒரு பாட்டி பேரனைக் கொண்டுவந்தபோது துண்டை விலக்கியதும் குப்பென்று சாம்பிராணி வாசம். 'சளி இறங்கட்டும்னு காலையிலயும் சாயங்காலமும் புகை காட்டினேன்யா' என்றார். அடைபட்ட நுண்குழாய்க்குள் புகையும் போனால் என்ன ஆகும் என்று அவரிடம் மென்மையாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது, அன்பில் செய்தது. குளிப்பாட்டிவிட்டு மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே தனியாக ஒரு நிமோனியா. தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் கூடாது, கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பு வரவைக்கக்கூடிய நஞ்சு. ஆவி பிடிக்க வைத்து வெந்நீர் கொட்டிய குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். சலைன் சொட்டு மருந்து மட்டும் போதும்: பால் கொடுப்பதற்குச் சற்று முன் மூக்கில் இரண்டு சொட்டு.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதற்கு ஆக்சிமீட்டர் வாங்கத் தேவையில்லை. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பாதி நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், குழந்தைகளின் மூச்சு விட்டுவிட்டு வரும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனம் கிராமத்து சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு இது. விலா கீழே குழிவது, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காதது, நாப்கின் நனையாதது, உதடு நீலமாவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு மாதம், ஒன்றரை மாதக் குழந்தைகளில் இன்னொரு பயம் உண்டு. இருமல்கூட இல்லாமல் திடீரென்று சில விநாடி மூச்சே நின்றுவிடும். அப்படி ஒருமுறை பார்த்தாலும் உடனே கிளம்பிவிடுங்கள்.

தடுப்பூசிக்கு வருகிறேன். இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஆர்எஸ்வியின் கதையே அதுதான்.

வைரஸ் முதலில் பிடிபட்டது மனிதனிடம் இல்லை. 1955-இல் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்த சிம்பன்சிகளுக்கு மூக்கொழுகத் தொடங்கியது. அவற்றிடமிருந்து எடுத்த வைரஸுக்குச் 'சிம்பன்சி ஜலதோஷக் கிருமி' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஓரிரு வருடத்தில் ராபர்ட் சானக் பால்டிமோரில் இரண்டு குழந்தைகளிடமிருந்து அதே வைரஸை எடுத்தார். சிம்பன்சி மேல் போட்ட பழி அதோடு தீர்ந்தது. அவற்றுக்குக் கொடுத்ததே மனிதர்களாக இருக்க வேண்டும்.

போலியோவில் வைரஸை ஃபார்மலினில் கொன்று ஊசியாகப் போட்டு வெற்றி கண்ட காலம் அது. அதே வழியில் ஆர்எஸ்விக்கும் ஒன்று தயாரித்து 1966-இல் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஆர்எஸ்வி பருவம் வந்தது. ஊசி போட்ட குழந்தைகளுக்கு நோய் குறையவில்லை, முற்றியது. ஒரு பரிசோதனையில் ஊசி போட்டு, பின்னர் தொற்றும் வந்த இருபது குழந்தைகளில் பதினாறு பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். வேறு ஊசி போட்ட குழுவில் அது நூற்றுக்கு ஐந்துதான். இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். தடுக்க வந்த ஊசியே நோயை வளர்த்த இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, குழந்தைகளுக்கு ஆர்எஸ்வி தடுப்பூசி என்று பேச்செடுக்கவே பல பத்தாண்டுகள் ஆட்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

என்ன தப்பு நடந்தது என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. வைரஸின் மேல் 'எஃப்' என்று ஒரு புரதம் துருத்திக்கொண்டு நிற்கிறது. செல்லோடு ஒட்டி உள்ளே நுழைய உதவும் சாவி அது. அந்தப் புரதத்துக்கு இரண்டு வடிவம்: செல்லைத் தொடும் முன் ஒரு வடிவம், தொட்டு ஒட்டிய பின் இன்னொன்று. மடக்கிய குடையும் விரித்த குடையும் மாதிரி. முதல் வடிவம் நிலையில்லாதது, சும்மா வைத்திருந்தாலே விரிந்துவிடும். பழைய ஊசியில் இருந்தவை பெரும்பாலும் விரிந்த குடைகள். உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்புப்பொருள் செய்தது. உண்மையான வைரஸ் மடக்கிய குடையோடு வந்தபோது அந்த எதிர்ப்புப்பொருளால் அதைத் தடுக்க முடியவில்லை, ஒட்டிக்கொண்டு வீக்கத்தைக் கூட்டத்தான் முடிந்தது.

2013-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரகாம், பீட்டர் குவாங் ஆகியோரின் குழு மடக்கிய குடையின் வடிவத்தை அணு அணுவாகப் படமெடுத்து, அது விரியாதபடி ஓரிரு இடத்தில் கொக்கி போட்டு நிறுத்தியது. அதன் பிறகுதான் கதவு திறந்தது. இதே கொக்கி உத்தியைப் பின்னால் கொரோனாவின் முள் புரதத்துக்கும் போட்டார்கள். ஃபைசர், மாடர்னா கோவிட் தடுப்பூசிகளில் இருந்தது அந்தக் கொக்கிதான். ஆர்எஸ்விக்காகப் பட்ட பாடு முதலில் கோவிட்டுக்குத்தான் உதவியது.

2023-இல் அமெரிக்காவில் மூன்று விஷயம் அடுத்தடுத்து அனுமதி பெற்றன. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தடுப்பூசிகள். கர்ப்பத்தின் 32 முதல் 36 வாரத்துக்குள் அம்மாவுக்குப் போட்டுக் குழந்தையைக் காக்கிற தடுப்பூசி. அப்புறம் பிறந்த குழந்தைக்கே நேரடியாகப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசி. தடுப்பூசி அல்ல, செய்து வைத்த எதிர்ப்புப்பொருள், ஒரு ஊசி ஒரு பருவத்துக்குக் காவல். 1998-இல் வந்த பாலிவிசுமாப் இதற்கு அண்ணன். அதை மாதாமாதம் போட வேண்டியிருந்தது, விலையும் எட்டவில்லை, அதனால் குறைமாதக் குழந்தைகளையும் இதயக்கோளாறு உள்ளவர்களையும் தாண்டி யாருக்கும் போய்ச் சேரவில்லை.

நம் நாட்டில் அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசி அட்டவணையில் ஆர்எஸ்விக்கு இன்னும் எதுவும் இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. 2019-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ஆர்எஸ்வியால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். ஊசி முதலில் போனதோ பணக்கார நாட்டுக்கு. அடுத்த கர்ப்பம் யோசனையில் இருந்தால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் அப்போது என்ன கிடைக்கிறது என்று 28-ஆவது வாரத்திலேயே கேட்டுவையுங்கள்.

ஆஸ்துமா கேள்விக்கு நேரான பதில்: அடுத்த ஓரிரு வருடத்துக்கு ஒவ்வொரு சளிக்கும் இவனுக்குக் கொஞ்சம் இழுப்பு வர வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். ஆனால் ஆர்எஸ்விதான் ஆஸ்துமாவை உண்டாக்குகிறதா, அல்லது ஏற்கெனவே அந்த வாகுள்ள நுரையீரலைத்தான் ஆர்எஸ்வி பலமாகத் தாக்குகிறதா என்பதில் வல்லுநர்களுக்குள் சண்டை ஓயவில்லை. நெதர்லாந்தில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலிவிசுமாப் போட்டுத் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருடத்தில் இழுப்பு நன்றாகக் குறைந்தது, ஆனால் ஆறு வயதில் ஊதவைத்து அளந்தபோது நுரையீரல் திறனில் வித்தியாசம் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வயதில் இதை மறந்துவிடுவார்கள். வீட்டில் யாராவது புகை பிடித்தால் அதை நிறுத்துவதுதான் இப்போது உங்கள் கையில் இருப்பது. 'மாடியில் போய்ப் பிடிக்கிறேன்' என்பது கணக்கில் சேராது, சட்டையில் ஒட்டிக்கொண்டு கீழே வரும்.

மகளைப் பற்றி. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை, 'உன்னாலதான் தம்பிக்கு' என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். நான்கு வயசுப் பிள்ளை அதை வருஷக்கணக்கில் சுமக்கும். பெரியவர்கள் ஆர்எஸ்வியை ஒரு வாரம் போல வெளியே விடுவார்கள். கைக்குழந்தையிடம் அது மூன்று நான்கு வாரம்கூட இருக்கும், ஆகவே இப்போதைக்கு அவனிடமிருந்துதான் மற்றவர்களுக்கு வரக்கூடும். வீட்டில் வேறு கைக்குழந்தையோ மூச்சுக்கோளாறு உள்ள தாத்தாவோ இருந்தால் அவர்களைச் சில வாரம் தள்ளி வையுங்கள். மகள் பள்ளி விட்டு வந்ததும் சட்டை மாற்றி, கை கழுவிவிட்டுத் தம்பியிடம் போகலாம். அவளுக்கு மூக்கொழுகும் நாட்களில் மட்டும் முத்தத்தைக் கன்னத்திலிருந்து பாதத்துக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் வார்டில் அக்காக்களுக்கு அப்படித்தான் சொல்லி அனுப்புகிறோம், அவர்களுக்கும் அது பிடித்துப்போகிறது.